காருக்குப் பழைய சைகை விளக்கு வாங்குவோர் கவனத்திற்கு

தோட்டப்புறங்களில் கார் வைத்திருப்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. முன்பு சைக்கிளும், பின்னர் மோட்டார் சைக்கிளும் நின்ற லயத்து வாசல்களில் இப்பொழுது சிறிய கார்களும் நிற்கின்றன. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், பட்டணத்தில் சாமான் வாங்கி வருவதற்கும் அவை பேருதவியாக விளங்குகின்றன. அவற்றுள் பல, பிறர் ஓட்டி நம் கைக்கு வந்தவை. பெரோடுவா காஞ்சில் 1994ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்து, 2009ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட கார். கெலிசா 2007இலும் விவா 2014இலும் நின்றுபோயின. உற்பத்தி நின்றாலும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓடும் வரையில் அவற்றுக்கு உதிரி உறுப்புகளும் தேவைப்படுகின்றன.

அவ்வாறு அடிக்கடி தேவைப்படும் உறுப்புகளுள் ஒன்றுதான் சைகை விளக்கு. ‘சிக்னல் லைட்’ என்று நாம் வழக்கமாகக் கூறுவது இதனையே. காரின் நான்கு மூலைகளிலும் இருப்பதால், எதில் இடித்தாலும் முதலில் உடைவது இதுவாகவே இருக்கும். ரப்பர் மரத்தின் அடியில் நிறுத்திய கார் பின்னுக்கு வரும்போதும், குறுகிய செம்மண் பாதையில் லோரிக்கு வழிவிட்டு ஒதுங்கும்போதும் உடைந்துபோன விளக்குகள் எத்தனையோ! உடைந்தபின் புதியது வாங்குவதா, பழையது வாங்குவதா என்னும் கேள்வி எழுகிறது. பழையதைத் தேடிச் செல்வதில் தவறொன்றுமில்லை. மாதம் 1,700 வெள்ளி என்று 2025இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்துவோருக்கும், மழையில் பால்வெட்டு நின்றால் வருவாய் சுருங்குவோருக்கும் சில பத்து வெள்ளியும் பெரிதே. ஆயினும் பழைய விளக்கு வாங்குவதில் பணத்தை வீணாக்கும் வழிகளும் உள்ளன. சட்டத்தின் பிடியில் சிக்கும் வழியும் ஒன்று உள்ளது. அவற்றை விளக்குவதே நம் நோக்கம்.

‘ஒரு சிறு விளக்குக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?’ என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டத்துச் சாலை பெருஞ்சாலையோடு சேரும் முச்சந்தியை எண்ணிப் பார்ப்போம். அங்கே பெரும்பாலும் போக்குவரத்து விளக்கு இராது. சாலை விளக்குகூட இல்லாத இடங்கள் பல. கூட்டரசு சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகமாகிய மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 25 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. வலப்பக்கம் தோட்டத்திற்குள் திரும்புவதற்காக ஒரு கார் வேகத்தைக் குறைக்கிறது. சைகை விளக்கு எரியவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர், கார் ஏனோ மெதுவாகச் செல்கிறது என்று எண்ணி வலப்பக்கமாக முந்த முற்படுகிறார். அதே நொடியில் கார் திரும்புகிறது. நம் நாட்டுச் சாலைகளில் 2023ஆம் ஆண்டில் உயிரிழந்தோர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கும் மேலானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டத்து முச்சந்தியில் நம் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் வேற்றூராராக இருக்க வேண்டும் என்பதில்லை. அதே பிரட்டில் நம்மோடு நிற்கும் சக தொழிலாளியாகவும் இருக்கலாம்.

இவ்விளக்கின் வரலாறும் சுவையானது. மோரிஸ் மைனர் காரைக் கண்ட முதியோர் அறிவர்: அக்காலக் கார்களின் பக்கவாட்டில் சிறியதொரு கை மறைந்திருக்கும், திரும்பும்போது அது வெளியே நீண்டு திசையைக் காட்டும். பிரிட்டனில் 1961ஆம் ஆண்டில்தான் மோரிஸ் மைனரில் அந்தக் கை நீங்கி, விட்டுவிட்டு எரியும் விளக்கு இடம்பெற்றது. விட்டுவிட்டு எரிவது கண்ணை உடனே ஈர்க்கும் என்பதே காரணம். நிறத்திலும் கருத்துண்டு. முன்விளக்கு வெண்மை, பின்விளக்கும் பிரேக் விளக்கும் சிவப்பு. இவ்விரண்டோடும் குழம்பாதிருக்கவே சைகைக்குச் செம்மஞ்சள் நிறம். வெயிலிலும் பனிமூட்டத்திலும் அந்நிறம் தனித்துத் தெரியும்.

இனி, விளக்கு எரியவில்லை என்றதும் புறப்பட்டுவிடாமல், குற்றம் எங்குள்ளது என்பதை அறிவதே முதற்கடன். மரத்தைப் பார்க்காமல் உளியை வைப்பார் உண்டோ? விளக்குக் கூடு உடையாமலிருந்து வெளிச்சம் மட்டும் வரவில்லையென்றால், கூட்டை மாற்றுவது பெரும்பாலும் தேவையற்ற செலவு. குற்றம் பல்பில் இருக்கலாம், பல்பு அமரும் ஹோல்டரில் இருக்கலாம், ஃபியூசில் இருக்கலாம், காரின் இரும்பு உடலோடு சேரும் ‘எர்த்’ கம்பியில் இருக்கலாம்.

இதனைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியைத் திருப்பி, இடப்பக்கச் சைகையைப் போட்டுவிட்டுக் காரைச் சுற்றி வரவேண்டும். பின்னர் வலப்பக்கத்திற்கும் அவ்வாறே செய்யவேண்டும். ஒழுங்காக உள்ள சைகை விளக்கு நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை விட்டுவிட்டு எரியும். ஒரு பக்கத்தில் மட்டும் ‘டிக் டிக்’ என்னும் ஒலி வழக்கத்தைவிட விரைவாகக் கேட்டால், அப்பக்கத்தில் ஏதோ ஒரு பல்புக்கு மின்சாரம் போகவில்லை என்பது பொருள். காரணம் எளிது. முன்னும் பின்னும் உள்ள பெரிய பல்புகள் ஒவ்வொன்றும் 21 வாட். பக்கவாட்டில் சிறு விளக்கு இருந்தால் அது பெரும்பாலும் 5 வாட். மூன்றும் சேர்ந்து 47 வாட். காரின் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 4 ஆம்பியர் மின்சாரம் அவற்றின் வழியே ஓடவேண்டும். ஒரு பெரிய பல்பு அணைந்தால் ஓட்டம் பாதியளவாகக் குறைகிறது. அதனை உணரும் ஃபிளாஷர் என்னும் சிறு பெட்டி, ஓட்டுநருக்கு அறிவிக்கவே வேகமாக அடிக்கிறது. மிகப் பழைய கார்களில் உள்ள, சூட்டினால் இயங்கும் ஃபிளாஷர் இதற்கு மாறானது. பல்பு அணைந்தால் அது மெதுவாகும், அல்லது விட்டுவிட்டு எரியாமல் ஒரேயடியாக நின்று எரியும்.

இரண்டு பக்கமும் எரியவில்லையென்றால் விளக்குகள் நான்கும் ஒரே நாளில் கெட்டுப்போயின என்று எண்ணுவதற்கில்லை. ஃபியூஸ் எரிந்திருக்கலாம், ஃபிளாஷர் பழுதாகியிருக்கலாம், ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். சைகையைப் போடும்போது விளக்கு மங்கலாக எரிந்து, அதே மூலையிலுள்ள மற்றொரு விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டினால், அது ‘எர்த்’ கோளாற்றின் அடையாளம். மின்சாரம் திரும்பிச் செல்ல வழியின்றி வேறு விளக்கின் வழியாகப் புகுந்து போகிறது. இந்நிலையில் எத்தனை விளக்கு வாங்கி மாற்றினாலும் பயனில்லை. திருகைக் கழற்றி, துருவை மணற்காகிதத்தால் தேய்த்து, மீண்டும் இறுக்கினால் போதும்.

இவ்விடத்தில் ரப்பர் வெட்டுவோர்க்கே உரிய ஒரு செய்தியைக் கூறவேண்டும். கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் சாக்கில் கட்டிக் காரின் பின்பெட்டியில் ஏற்றிச் செல்வோர் உளர். பாலை உறையவைக்க அமிலம் சேர்க்கப்படுவதால், அதிலிருந்து வடியும் நீரிலும் அமிலம் கலந்திருக்கும். அந்நீர் பெட்டியின் அடித்தகட்டில் தங்கித் துருவை உண்டாக்குகிறது. பின்விளக்கின் கம்பிகளும் ‘எர்த்’ திருகும் பல கார்களில் அதே மூலையில்தான் உள்ளன. பின்பக்கச் சைகை விளக்கு அடிக்கடி ‘கெட்டுப்போகும்’ கார்களில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுவே. அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்துச் சாக்கை ஏற்றுவது, விளக்கு வாங்குவதைவிட மலிவானது.

பல்பைக் கழற்றிப் பார்க்கும்போது, உள்ளிருக்கும் நுண்கம்பி அறுந்திருந்தாலோ, கண்ணாடி கருத்திருந்தாலோ புதிய பல்பு வாங்கினால் போதும். பல்பில் மட்டும் பழையது வாங்குவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அது தேய்ந்து அழியும் பொருள். எவ்வளவு எரிந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது. புதியதன் விலையும் சிறிதே. ஆனால் இருவகைப் பல்புகள் உள்ளன என்பதை அறிந்திருத்தல் வேண்டும். விளக்கின் மூடி செம்மஞ்சளாக இருந்தால் பல்பு வெண்மையானது. மூடி நிறமற்றதாக இருந்தால் பல்பே செம்மஞ்சள் நிறமுடையது. வெண்மைப் பல்பின் அடிப்பாகத்தில் இரண்டு சிறு குமிழ்கள் நேருக்கு நேராக இருக்கும். செம்மஞ்சள் பல்பில் அவை சற்றுக் கோணலாக அமைந்திருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தவறாகப் பொருத்தாதிருக்கவே இந்த ஏற்பாடு. சிலர் குமிழை அரத்தால் அராவிவிட்டு வெண்மைப் பல்பை வலிந்து திணிக்கின்றனர். நிறமற்ற மூடிக்குள் வெள்ளை ஒளி மின்னினால் எதிரே வருபவர் அதனைச் சைகை என்று எப்படி அறிவார்? இளைஞர்கள் விரும்பி வாங்கும் எல்.இ.டி. பல்பும் இங்கே ஒரு தொல்லையைத் தரும். அது மிகக் குறைந்த மின்சாரத்தையே ஏற்பதால், பல்பு அணைந்துவிட்டதாக ஃபிளாஷர் எண்ணி விரைவாக அடிக்கத் தொடங்கும். அதற்கேற்ற ஃபிளாஷரையும் சேர்த்து மாற்றாமல் இவ்வகைப் பல்பைப் போடுவது, குணமான காருக்கு நோயை விலைகொடுத்து வாங்குவதாகும்.

இவ்வளவும் பார்த்த பின்னர், கூடுதான் உடைந்திருக்கிறது என்பது உறுதியானால் கடைக்குப் புறப்படலாம். ஆனால் பழைய உறுப்புக் கடைக்குப் போகுமுன், புதிய உறுப்பு விற்கும் கடையில் இரண்டு விலைகளைக் கேட்டறிதல் நன்று. கார் நிறுவனத்தின் அசல் விளக்கு ஒரு விலை. தைவான் போன்ற நாடுகளில் அதே அளவில் செய்யப்படும் மாற்று விளக்கு வேறு விலை. சிறிய கார்களின் முன்மூலை விளக்கில், மாற்று விளக்கின் விலைக்கும் பழைய அசல் விளக்கின் விலைக்கும் பெரிய வேறுபாடு இல்லாதிருப்பதும் உண்டு. அவ்வாறாயின் புதியதை வாங்குவதே அறிவுடைமை. பின்பக்கத்தில் பிரேக் விளக்கும் சைகை விளக்கும் ஒரே கூட்டில் அமைந்திருப்பதால் அதன் விலை கூடுதல். பழையது தேடுவதில் ஆதாயம் உள்ள இடம் அதுவே.

பழைய உறுப்புகள் கிடைக்கும் கடைகளைப் ‘பொத்தோங்’ கடை என்று நம்மவர் அழைப்பர். விபத்தில் சிதைந்த கார்களையும், ஓட்டம் முடிந்த கார்களையும் வாங்கிப் பிரித்து விற்பவை அவை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டுக் கப்பலில் வரும் கார்களின் உறுப்புகளை விற்கும் கடைகளும் கிள்ளான் வட்டாரத்திலும் பிற பட்டணங்களின் ஓரங்களிலும் உள்ளன. காஞ்சில், கெலிசா, விவா ஆகிய மூன்றும் ஜப்பானிய டைஹாட்சு மீரா காரை அடிப்படையாகக் கொண்டவை. ஆதலால் ‘மீராவின் விளக்கு உங்கள் காருக்குப் பொருந்தும்’ என்று கடைக்காரர் கூறக்கூடும். அது முழுப்பொய்யும் அன்று. முழு உண்மையும் அன்று. மூன்று கார்களும் மீராவின் மூன்று வெவ்வேறு தலைமுறைகளிலிருந்து பிறந்தவை. எஞ்சின் உறுப்புகள் பல பொருந்தலாம். ஆனால் விளக்கோ முகத்தோற்றத்தைச் சேர்ந்தது. முகத்தோற்றத்தை நம் நாட்டுத் தயாரிப்பாளர் மாற்றியமைத்துள்ளனர். காஞ்சிலிலேயே 1994இல் வந்ததன் முகம் வேறு. 2002இல் மாற்றியமைக்கப்பட்டு வந்ததன் முகம் வேறு. ஆகவே ‘காஞ்சில் சிக்னல் வேண்டும்’ என்று மட்டும் கூறிக் கடையில் நிற்பது போதாது.

உடைந்த விளக்கைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வதே சிறந்த வழி. துண்டுகளாகச் சிதறியிருந்தாலும் பொறுக்கி எடுத்து ஒரு பையில் போட்டுச் செல்லலாம். விளக்கின் பின்புறத்திலோ மூடியின் விளிம்பிலோ தயாரிப்பு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இடம், வலம் என்பதில் பலர் ஏமாறுகின்றனர். காரின் முன்னே நின்று பார்ப்பவருக்கு இடக்கைப் பக்கம் தெரிவது காரின் வலப்பக்கமாகும். ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்த நிலையில் கொள்ளும் இடமும் வலமுமே உறுப்புக் கடையின் கணக்கு. நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம் ஆதலால், ‘ஓட்டுநர் பக்கம்’ அல்லது ‘பயணி பக்கம்’ என்று கூறிவிட்டால் குழப்பத்திற்கே இடமில்லை.

விளக்கைக் கையில் வாங்கியதும் எல்லோரும் மூடியைத்தான் பார்க்கின்றனர். நாமோ முதலில் அதனைத் திருப்பி, பின்புறத்திலுள்ள காதுகளைப் பார்க்கவேண்டும் என்போம். விளக்கைக் காரோடு பிணைக்கும் சிறு பிளாஸ்டிக் நீட்டங்களையே இங்குக் காது என்கிறோம். பழைய காரிலிருந்து அவசரமாக நெம்பி எடுக்கும்போது முதலில் முறிவது இவையே. பிளாஸ்டிக் பழையதாகிவிட்டால் மொறுமொறுப்பாகி எளிதில் முறியும். காது ஒன்று போனாலும் விளக்கு அப்போதைக்கு நிற்கும். பசை தடவினால் பட்டணத்துத் தார்ச்சாலையில் சில மாதம் தாங்கவும் கூடும். தோட்டத்துக் குண்டுகுழிப் பாதையில் அது ஒரு வாரம் தாங்குவது அரிது. பசையால் ஒட்டிய தடம் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுதல் நலம்.

அடுத்து உட்புறம். பல்பின் பின்னேயுள்ள வெள்ளிப்பூச்சு ஒளியைத் திரட்டி வெளியே அனுப்புகிறது. அது உரிந்திருந்தாலோ, கருமை படர்ந்திருந்தாலோ, பல்பு எரிந்தும் வெளிச்சம் மங்கலாகவே தெரியும். மூடிக்குள் நீர் தேங்கிய கோடுகள் உள்ளனவா, ஓரத்து ரப்பர் பட்டை வெடிக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். (பல விளக்குகளின் அடியில் ஊசித்துளை போன்ற ஓர் ஓட்டை இருக்கும். அது பழுதன்று; உட்புகும் ஈரம் வெளியேறவென்றே விடப்பட்டது. அதனை அடைத்துவிடலாகாது.) ஹோல்டரில் பச்சைநிறக் களிம்பு பூத்திருந்தால் ஈரம் பட்டிருக்கிறது, பிளாஸ்டிக் உருகியிருந்தால் யாரோ அளவுக்கு மீறிய வாட் கொண்ட பல்பைப் போட்டிருக்கின்றனர். கம்பியை ஹோல்டரின் கழுத்தோடு கத்தரித்துக் கொடுப்பதும் வழக்கம்; அதனை ஏற்கலாகாது. இணைப்பானோடு ஒரு சாண் நீளக் கம்பியாவது விட்டு வெட்டித் தருமாறு வாங்குமுன்பே கேட்கவேண்டும்.

மூடியின் நிறத்தைக் கடையின் கூரைக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே முறை. ஆண்டுக்கணக்கில் வெயில் குடித்த செம்மஞ்சள் மூடி வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும். அதற்குள் வெண்மைப் பல்பு எரியும்போது ஒளியும் வெளிறியே வரும். நம் காரின் மறுபக்கத்து விளக்கோடு நிறம் அச்சுப்பிசகாமல் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. சைகை என்று அறியும்படி இருந்தால் போதும். கடையில் ஒரு மின்கலம் எப்படியும் இருக்கும். இரு கம்பிகளை வைத்து விளக்கை ஒரு நிமிடமேனும் எரியவிட்டுக் காட்டும்படி கேட்பதற்குத் தயங்கவேண்டாம். நல்ல வணிகர் முகஞ்சுளிக்க மாட்டார்.

கைப்பேசி வழியாக வாங்குவோர், மேலே கூறிய காதுகளும் எண்ணும் தெரியும்படி பின்புறப் படத்தையும் அனுப்பச் சொல்லவேண்டும். முன்பணம் மட்டும் கேட்டு, பொருள் இருக்குமிடத்தைக் கூறத் தயங்குவோரிடம் வாங்காதிருப்பதே நன்று.

இதுவரை கூறியவை பணத்தைப் பற்றியவை. இனிக் கூறுவது அதனினும் முக்கியமானது. கடைத்தெருவில் ஒருவர், ‘ஒரு ஜோடி விளக்கு இருக்கிறது, பாதிவிலைதான்’ என்று மறைவாகக் காட்டுகிறார். ரசீது இல்லை, எந்தக் காரிலிருந்து வந்தது என்னும் விவரமும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடும் இளைஞர்கள் உளர். அது திருட்டுப்பொருளாயின், வாங்கியவரும் குற்றவாளியாவார். திருட்டுப்பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தோ, நேர்மையின்றி வாங்குவது நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 411ஆவது பிரிவின்படி குற்றம். பொருள் மோட்டார் வாகனமாகவோ, வாகனத்தின் உறுப்பாகவோ இருந்தால் சட்டம் மேலும் கடுமையாகிறது: ஆறு மாதத்திற்குக் குறையாத, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத சிறைவாசம், அதற்கு மேல் அபராதமும் விதிக்கப்படலாம். ஆறு மாதம் என்பது அங்கே கீழெல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வாகன உறுப்பைத் திருடியவருக்கோ 379(ஏ) பிரிவின்படி ஓராண்டு முதல் ஏழாண்டு வரை. ‘எனக்குத் தெரியாது’ என்று பின்னர் கூறலாம். ஆனால் இரவு நேரத்தில், ரசீதின்றி, பாதிவிலைக்கு வாங்கியவருக்கு ஐயம் எழவே இல்லை என்பதை நீதிமன்றம் எளிதில் நம்பிவிடுமா?

ஆகவே கடை அறிந்து வாங்கவேண்டும். பழம்பொருள் வணிகம் செய்வோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்றும், தாம் வாங்கும் பொருள்களைப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்றும் 1946ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகர் சட்டம் விதிக்கிறது. கடையின் பெயர், நாள், காரின் வகை, எப்பக்க விளக்கு, கொடுத்த தொகை ஆகிய ஐந்தும் ரசீதில் இருக்குமாறு கேட்டுப் பெறுவது நம் உரிமை. எழுதப் படிக்க அறிந்த பிள்ளையை உடனழைத்துச் சென்று சரிபார்க்கச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே ரசீதுதான் பின்னர் பொருள் குறையுள்ளது என்று வழக்குரைக்கவும் உதவும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றியே தாக்கல் செய்யலாம். ஒரு விளக்குக்காக அவ்வளவு தூரம் செல்வோர் சிலரே எனினும், ரசீதைக் கையில் வைத்திருப்பவரிடம் கடைக்காரர் பேசும் முறையே வேறாக இருக்கும்.

விளக்கைப் பொருத்தும் வேலை பெரிதன்று. சாவியை அணைத்துவிட்டு, பழைய இணைப்பைக் கழற்றி, கம்பிகளின் நிறம் பார்த்துச் சேர்த்து, ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றினால் போதும். வெறுங்கம்பி எதுவும் தகட்டில் படாதிருக்க வேண்டும். திருகை மிகையாக முறுக்கினால் காது முறியும். கைக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திக்கொள்க. புதிய விளக்கு வரும்வரை உடைந்த இடத்தில் சிவப்புத் தாளோ, பிளாஸ்டிக் பையோ ஒட்டி ஓட்டுவோரைக் காண்கிறோம். சிவப்பு நிறம் பிரேக் விளக்கு என்றே பின்னால் வருபவருக்குத் தோன்றும். அத்தகைய காரைச் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரிகளும் போலீசாரும் நிறுத்தினால் சம்மன் கிடைப்பது உறுதி.

பொருத்திய அன்றிரவே ஒரு சோதனை செய்யவேண்டும். லயத்துச் சுவரிலிருந்து சில அடி தள்ளிக் காரின் முன்புறத்தை நிறுத்திச் சைகையைப் போட்டால், ஆசனத்தில் அமர்ந்தபடியே சுவரில் ஒளியைக் காணலாம். பின்னர் காரைத் திருப்பி, பின்விளக்குகளையும் கண்ணாடி வழியே அவ்வாறே பார்க்கலாம். இரு பக்கத்து ஒளியும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே வேகத்தில் விட்டுவிட்டு எரியவேண்டும். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் மூடியை மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். உள்ளே இலேசாக ஆவி படிந்து, விளக்கு எரிந்ததும் மறைந்துவிட்டால் கவலையில்லை. நீர் சொட்டாகத் தங்கி நின்றால் ரப்பர் பட்டை பயனற்றது என்று பொருள். அப்போது விளக்கைக் கழற்றி, ரசீதோடு அதே வாரத்திலேயே கடைக்கு எடுத்துச் செல்க.